குவைத்துக்கு ஒரு சீற்

முற்றத்தில் கச்சான் செடிகளைக் குவித்துவைத்துக் கமலாசனி கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது தர்மிளா ஃபோனோடு வெளியே வந்து, தாய்க்கு எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். அவளாக வந்து உட்காருவது அபூர்வம். பத்தொன்பது வயது, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை. கேட்டால் பதில் சொல்வாள், சொன்ன வேலையைச் செய்வாள். தனக்கு ஒன்று வேண்டும் என்று தாயிடம் வாய் திறந்ததில்லை.

“அம்மா, அந்தப் பிளேன் கொம்பனி உங்களுக்கு மெயில் போட்டிருக்கு. உங்கடை பேரிலை கனக்க மைல் சேந்து கிடக்குதாம். வாற மாசக் கடைசியோடை அழிஞ்சுபோகுமாம்.”

மைல் என்றால் என்னவென்று தர்மிளாதான் விளங்கப்படுத்தினாள். ஒரே கொம்பனியின் விமானத்தில் திரும்பத் திரும்பப் பறந்தால் தூரத்துக்கேற்பப் புள்ளி போடுவார்கள், புள்ளி சேர்ந்தால் காசில்லாமல் சீற் தருவார்கள். கமலாசனிக்குக் கேட்கக் கேட்க நினைவு வந்தது. குவைத்தில் அவள் வேலைசெய்த வீட்டார் வெயில் காலம் முழுவதும் லண்டனில் இருப்பார்கள். குழந்தை நூரா அவளை விட்டு இருக்காது என்பதால் அவளையும் கூட்டிப்போவார்கள். வீட்டுக்கார மெடத்தின் கந்தோரில் வேலைபார்க்கிற யாரோ ஒருவர் எல்லோருடைய பெயரோடும் வேலைக்காரியின் பெயரையும் எங்கோ பதிந்திருக்கவேண்டும். மெடமும் கணவரும் முன்னால் இருக்க, கமலாசனி பின் வரிசையில் நூராவை மடியில் போட்டுக்கொண்டு கடல்களைத் தாண்டினாள். அந்தப் பறப்புகளெல்லாம் எங்கோ ஒரு கணினியில் அவள் பெயரில் கிடந்திருக்கின்றன.

போரின் கடைசி மாதங்களில் கணவன் இறந்துபோன பிறகு, ஏழு வயது தர்மிளாவை அக்கா சுதர்சினியிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போனவள் அவள். போய்ச் சில மாதங்களில் நூரா பிறந்தாள். தாய்க்கு உடம்புக்கு முடியாமலிருந்ததால் குழந்தை முதல் நாளிலிருந்தே கமலாசனியின் கையில்தான். அந்தக் குழந்தை பேசக் கற்றபோதுதான் கமலாசனியும் அரபு கற்றாள். ஒன்பது வருடம் கழித்து, தர்மிளா இப்போது ஃபோனுக்கே வருகிறாளில்லை, நீ வா என்று அக்கா சொன்ன நாளில் மெடத்திடம் பாஸ்போட்டைக் கேட்டு வாங்கினாள். வந்து மூன்று வருடமாகப் போகிறது. முதல் சில மாதங்கள் நூரா குரல் பதிந்து அனுப்புவாள், கமலா எப்போது வருகிறாய் என்று. பிறகு மெடம் ஒருநாள், இனி நீ பதில் அனுப்பாதே, பிள்ளை படிக்காமல் அழுகிறது என்று எழுதினார். அதற்குப்பிறகு அந்த நம்பர் வேலைசெய்யவில்லை.

இதெல்லாம் தர்மிளாவுக்குச் சொன்னதில்லை. எந்தத் தாய் எந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்வாள்?

“ஒருத்தர் குவைத்துக்குப் போய் வரலாம், இல்லாட்டி ரெண்டு பேர் சென்னைக்குப் போய் வரலாம்,” என்றாள் தர்மிளா. கச்சான் செடியில் காய்ந்திருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டு, முகத்தை நிமிர்த்தாமலே தொடர்ந்தாள். “நீங்கள் லீவிலை வந்து திரும்பேக்கை, உங்களை ஏத்திவிட எண்டுதான் எல்லாத்தரமும் ஏயர்போட்டுக்கு வந்தனான். ஒருக்கா உங்களோடை உள்ளுக்கு வரோணும்.”

கமலாசனி கையிலிருந்த செடியைக் கீழே போட்டாள். அந்த ஒன்பது வருடத்துக்கும் பிள்ளை கேட்ட முதல் கூலி இதுவென்று பட்டது. போவம், என்றாள்.

ஆனால் ஒன்லைனில் சென்னை வரவில்லை. தர்மிளா மாமர வேருக்கும் வேலிக்கும் நடுவில், சிக்னல் வருகிற அந்த ஒரு இடத்தில் நின்று எத்தனையோ தரம் தேடிப்பார்த்தாள். குவைத் என்று போட்டால் நாட்காட்டி முழுக்கப் பச்சைப் புள்ளிகள் விழுந்தன, சென்னை என்று போட்டால் வெறுமையாக வந்தது. சென்னைக்குப் போவது வேறு கொம்பனியின் விமானமாம். மைலுக்கு அந்த சீற்றை எடுக்க ஃபோன் பண்ணிக் கேட்கவேண்டும், கணக்குக்காரரே கதைக்கவேண்டும் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

மறுநாள் தர்மிளா பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரம் கமலாசனி அதே இடத்தில் நின்று ஃபோனைத் திறந்தாள். பச்சைப் புள்ளிகள் அப்படியே இருந்தன. ஒரு வெள்ளிக்கிழமையைத் தொட்டாள். விமானம் புறப்படும் நேரம், இறங்கும் நேரம், மேலே அவளுடைய பெயர். இன்னும் ஒருதரம் தொட்டால் போதும். விசா வேண்டும், விசாவுக்கு அங்கே ஒரு வீட்டார் கேட்கவேண்டும், கேட்க யாருமில்லை. எல்லாம் அவளுக்குத் தெரியும். அந்த விமான நிலையத்தில் அவளைத் தேடி ஒருவரும் வரப்போவதில்லை. ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை நூரா பள்ளிக்கூடமில்லாமல் வீட்டில் இருப்பாள், எழும்பச் சுணங்கும், தலையில் சிக்கெடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று நினைப்பு அதன்பாட்டுக்குப் போனது. வேலிக்கு வெளியே சைக்கிள் சத்தம் கேட்க ஃபோனை அணைத்தாள்.

அடுத்த நாள் காலை தாயும் மகளும் மாமரத்தடியில் கதிரைகளைப் போட்டு உட்கார்ந்து நம்பரை அழுத்தினார்கள். ஆங்கிலத்துக்கு ஒன்று, அரபுக்கு இரண்டு என்று குரல் சொன்னது. தர்மிளா ஒன்றை அழுத்தப் போனாள். கமலாசனி அவளுடைய விரலை விலக்கிவிட்டு இரண்டை அழுத்தினாள்.

ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வந்தது. கமலாசனி சலாம் சொல்லிக் கதைக்கத் தொடங்கியதும் தர்மிளா நிமிர்ந்து பார்த்தாள். இந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. வீட்டில் தாய் அளந்து, பயந்ததுபோலக் கதைப்பவள். இந்தக் குரல் இறங்கி ஏறியது, நடுவில் சிரித்தது, செல்லங் கொஞ்சியது. விமானம் என்ற சொல்லைக் கமலாசனி குழந்தைகள் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட, மறுமுனைப் பெண்ணும் சிரித்தாள். நீ குவைத்தில் எந்தப் பிள்ளையிடம் அரபு படித்தாய் என்று கேட்டாள். நூராவிடம் என்றாள் கமலாசனி. அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி எவ்வளவு காலம். சொன்ன கையோடு, கேட்கவேண்டியதை விட்டு அவளுடைய நாக்கு வேறொன்றைக் கேட்டது: குவைத்துக்கு ஒரு சீற் இருக்கிறதா?

இருக்கிறது, என்றாள் அந்தப் பெண். வாற வெள்ளிக்கிழமையே இருக்கிறது, ஜன்னலோரம். எடுத்துவிடவா?

ஒரு மனிசி தன் வாயால் அப்படிக் கேட்டது, புள்ளிகளைப் பார்த்ததைப்போல இல்லை. கமலாசனி ஃபோனை மடியில் இறக்கிவைத்தாள். பிறகு வேண்டாம், சும்மா கேட்டேன், சென்னைக்கு இரண்டு பாருங்கள் என்றாள். மற்றக் கொம்பனியிடம் கேட்டுச் சொல்கிறேன், காத்திரு என்று அந்தப் பெண் போனாள். ஃபோனிலிருந்து ஏதோ ஒரு சங்கீதம் வரத் தொடங்கியது.

“குவைத் எண்டு கேட்டனீங்கள்,” என்றாள் தர்மிளா.

“ஓம்.”

“போகப்போறியளோ?”

“விசா கிடையாது. போகேலாது. சீற் கிடக்கோ எண்டு ஆராவது சொல்லிக் கேக்க ஆசையாக் கிடந்தது.”

தர்மிளா வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும், எழும்பிப் போய்விடுவாள் என்று கமலாசனி காத்திருந்தாள்.

“நூரா எண்டது அந்தப் பிள்ளையோ?”

“ஓம்.”

“அங்கை இருக்கேக்கை என்னையும் இப்பிடித்தான் நினைச்சனீங்களோ?”

“அவளைத் தூக்கி வைச்சுக்கொண்டு உன்னைத்தான் நினைப்பன். நீ இப்ப என்ன சாப்பிட்டிருப்பாய், ஆர் தலை இழுத்துவிட்டிருப்பினம் எண்டு.” கமலாசனி மூச்சை இழுத்துவிட்டாள். “இப்ப இஞ்சை இருந்துகொண்டு…”

தாயின் மடியில் இருந்த ஃபோன் நழுவப் பார்க்க, தர்மிளா கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டாள். சங்கீதம் நின்றது.

மாசி மாதத்தில் இரண்டு சீற் இருக்கிறது, என்றாள் அந்தப் பெண். கூட வருவது யார்?

“பின்தி,” என்றாள் கமலாசனி, என் மகள் என்று.

பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். அரபு எழுத்துகளில் தன் பெயர் ஒவ்வொன்றாகப் போவதைத் தர்மிளா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறந்த திகதி என்றதும் கமலாசனியின் வாய் யோசிக்காமல் ஒரு திகதியைச் சொல்லிவிட்டது. அப்படியென்றால் பதினொரு வயது, சின்னப் பிள்ளை, உன் பக்கத்திலேயே இருத்துகிறேன் என்றாள் அந்தப் பெண்.

அது நூரா பிறந்த திகதி. எதிரே இருந்தவளுக்கு அரபு தெரியாது. தெரியாதது இன்னும் மோசமாக இருந்தது.

இல்லை, பிழையாகச் சொல்லிவிட்டேன், என்றாள். மகளைப் பார்த்துக்கொண்டே சரியான திகதியை மெல்ல மெல்லச் சொன்னாள். பத்தொன்பது வயது. ஆனாலும் பக்கத்திலேயே இருத்துங்கள். என் மகள் முதல்முறை பறக்கிறாள், பின்தி, என்று இன்னொருமுறை சொன்னாள்.

எல்லாம் பதிந்து முடிந்தது. தர்மிளா கதிரைகளை உள்ளே வைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். கமலாசனி மறுபடி கச்சான் குவியலுக்கு முன் உட்கார்ந்தாள். கப்பி சுழன்றது, வாளி தண்ணீரில் மோதியது. கயிற்றை இழுக்கிற மூச்சுக்கு நடுவே தர்மிளா எதையோ தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பின்தி,” என்றாள் மெதுவாக. சரியில்லைபோல, நாக்கைக் கொஞ்சம் அழுத்தி இன்னொருதரம். “பின்தி.”

கமலாசனி திரும்பிப் பார்க்கவில்லை. கையிலெடுத்த செடியின் வேரிலிருந்து மண் மடியில் உதிர்ந்துகொண்டிருந்தது. கிணற்றடியில் தண்ணீர் வாய்க்காலில் விழுந்து, வாழைகளின் பக்கம் ஓடத் தொடங்கியது.