தண்ணி நல்லா இருக்குங்க

மெஹ்ஜபின் எழுதிக்கொண்டு வந்த விண்ணப்பத்தைப் படித்த சித்ரகலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பனியன் கம்பெனிப் பெண்கள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதையும் அதனால் வரும் நீர்க்கடுப்பையும் ஆராய நிதி கேட்கும் விண்ணப்பம் அது. ‘பிரச்சினை என்ன’ என்ற தலைப்பின் கீழே, குடிநீர் வசதி சிறப்பாக உள்ளது, கழிப்பறைகள் சுத்தமாக உள்ளன என்று எழுதியிருந்தது.

“எல்லாமே நல்லா இருந்தா நமக்கு எதுக்குங்க பணம் குடுப்பாங்க? முதல் பாராவுலயே குறையை எழுதோணும்.”

மெஹ்ஜபினைச் சொல்லிக் குற்றமில்லை. அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் வருடக்கணக்காக, தைத்த பனியனில் பழுது இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் வேலை செய்தவள். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர், தொழிலாளர் வசதிகளைச் சோதிக்கும் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புகிறார் என்றால் சூப்பர்வைசர் முன்கூட்டியே எல்லோரையும் நிறுத்திப் பாடம் எடுப்பார். தண்ணி நல்லா இருக்குங்க, ஆறு மணிக்கு விட்டுருவாங்க, ஓவர்டைம் இல்லீங்க. சிரித்த முகமாகத் தடுமாறாமல் சொல்வாள் என்று மெஹ்ஜபினை முன்மேசைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். பாத்ரூம் போகவே டோக்கன் வாங்க வேண்டும் என்பதை எந்த ஆடிட்டரிடமும் அவள் சொன்னதில்லை. தபாலில் பி.ஏ. முடித்து, 2006இல் ஓர் அறக்கட்டளையின் ஆய்வுப் பயிற்சிக்குத் தேர்வாகி வந்தபோது அந்த வாயும் கூடவே வந்துவிட்டது. அங்கே அவளுக்கு வழிகாட்டி சித்ரகலா. வயதில் கொஞ்சம்தான் மூத்தவள்; படிப்பில் ஏகத்துக்கும் மூத்தவள்.

விண்ணப்பம் தேறினால் மெஹ்ஜபினுக்கு இரண்டு வருடம் ஆய்வு வேலை. தேறாவிட்டால் பழையபடி செக்கிங் மேசை.

கழுத்தில் அடையாள அட்டையும் கையில் எழுதும் பேடுமாகப் பேட்டி எடுக்கக் கிளம்பினாள். முன்பு கம்பெனியில் அவளுக்குப் பக்கத்து மேசையில் நின்ற நல்லம்மாள், தன் வீட்டு வாசலில் அந்தக் கோலத்தில் அவளைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “தண்ணி நல்லா இருக்குங்க, மேடம்” என்றாள்.

மேடமாம்! மெஹ்ஜபினுக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் அட்டையும் இல்லாமல் பேடும் இல்லாமல் போய், நல்லம்மாளோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். கீரை முடிவதற்குள் நல்லம்மாள் கொட்டித் தீர்த்துவிட்டாள்.

“டோக்கனுக்கு நின்னு சூப்பர்வைசர்கிட்டப் பேச்சு வாங்கறதுக்கு, தண்ணியே குடிக்காம இருந்துக்கறது. ஊட்டுக்கு வந்தா எரியுது பாரு, அந்த எரிச்சல் உனக்குத் தெரியாததா கண்ணு?”

தெரியும். அதையேதான் முதல் பாராவில் எழுதினாள்.

விண்ணப்பம் தயாரான சமயத்தில், பயிற்சிக்குப் பணம் கொடுக்கும் அமைப்பிலிருந்து அர்த்தநாரி என்பவர் பார்வையிட வருவதாகச் சேதி வந்தது. எந்த விண்ணப்பத்தை எடுப்பது என்பதும் அவர் கையில்தான். அவர் வருவதற்கு முந்தின நாள், பயிற்சியில் இருந்தவர்களைச் சித்ரகலா சுற்றி உட்காரவைத்தாள்.

“சனிக்கிழமை கிளாஸ் வாராவாரம் நடந்துச்சான்னு கேப்பாருங்க. நடந்துச்சுன்னு சொல்லிருங்க. குறை ஏதாச்சும் உண்டான்னா, ஒண்ணும் இல்லீங்கன்னு சிரிச்ச முகமா…”

சித்ரகலா எடுக்க வேண்டிய கிளாஸ் அந்த வருடத்தில் நாலைந்து முறை நடந்திருந்தால் அதிகம். கோவையில் கல்லூரி வேலையையும் வைத்துக்கொண்டு அவள் என்னதான் செய்வாள், பாவம். ஆனால் அந்தக் குரலை மெஹ்ஜபினுக்கு நன்றாகத் தெரியும். முதலில் அவளைத்தான் அனுப்புவது என்றும் முடிவானது. நன்றாகப் பேசுவாளாம்.

“பயிற்சியில குறை ஏதாவது உண்டாம்மா?” என்று கேட்டார் அர்த்தநாரி. சித்ரகலா கதவோரம் நின்றிருந்தாள்.

மெஹ்ஜபினின் முகம் தானாகச் சிரித்தது. ‘ஒண்ணும் இல்லீங்க’ நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் யாருக்கும் வம்பில்லை, விண்ணப்பமும் பிழைத்துக்கொள்ளும். மேடம் என்று கூப்பிட்ட நல்லம்மாளின் முகம் குறுக்கே வந்து நின்றது.

“வாராவாரம் கிளாஸ் நடக்கலீங்க. நடந்ததே நாலஞ்சு தடவைதானுங்க. ஆனா, முதல் பாராவுலயே குறையை எழுதோணும்னு எனக்குச் சொல்லிக்குடுத்தவங்களும் இவங்கதானுங்க.”

அர்த்தநாரி சித்ரகலாவைப் பார்த்தார். சித்ரகலா தரையைப் பார்த்தாள். எல்லாம் போயிற்று என்று மெஹ்ஜபினுக்குத் தோன்றியது. மேசையில் இருந்த தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

அர்த்தநாரியை வழியனுப்பிய கையோடு சித்ரகலா கோவைக்குக் கிளம்பிவிட்டாள். சனிக்கிழமை, சாமான்களை எடுத்துக்கொண்டு போகலாம் என்று மெஹ்ஜபின் வந்தபோது வகுப்பறை திறந்திருந்தது. சித்ரகலா பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அவரு போன் பண்ணாருங்க. உங்க ரெண்டாவது பாரா சரியில்லையாம், திருத்தி அனுப்பச் சொன்னாரு. உக்காருங்க” என்றாள், திரும்பிப் பார்க்காமல்.