பத்தொன்பதாம் நிமிடத்துக்குப் பிறகு

பார்க்காத படத்தைப் பற்றிப் பிரமாதமாக எழுத ஒரு தனித் திறமை வேண்டும். எனக்கு அது இருந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு பதினோரு மாதம் ஓடியது.

எனக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. காலை ஐந்து மணிக்குப் போனால் மதியம் ஒன்றரைக்குத்தான் வீடு. ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்புகளாவது மடிப்பேன். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மதியம் ஒரு மணிக்குக் கிளம்பி இரவு பதினொன்றுக்குத் திரும்புவார். நான் வருவதற்கு அரை மணி முன்னால் அவர் போய்விடுவார். அவர் வரும்போது நான் பாதித் தூக்கத்தைத் தாண்டியிருப்பேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும்.

அந்த மனிதருக்கு உலகத்தில் ஒரே ஒரு பைத்தியம், சினிமா டிஸ்க். ஞாயிறுதோறும் கடைக்குப் போய் படமோ தொடரோ ஒரு வாரத்துக்கு எடுத்து வருவோம். மதியம் நான் பார்ப்பேன், மறுநாள் காலை அவர் பார்ப்பார். பார்த்ததும் ஆளுக்கு ஒரு சீட்டில் கருத்து எழுதி டிஸ்க் பெட்டிக்குள் வைக்க வேண்டும். "நீ முதல்ல பாரும்மா. நீ சொன்னதை மனசுல வச்சுக்கிட்டுப் பார்த்தா எனக்கு இன்னும் நல்லாருக்கும்" என்பார்.

குறை சொல்லத் தெரியாத ரசிகர் அவர். படு மொக்கைப் படத்திலும், "கதை சுமார்தான். ஆனால் அந்தக் காவலாளி குடையை உதறிய விதம் இருக்கிறதே!" என்று எழுதுவார். நடுவில் நிறுத்தவும் மாட்டார். ஒரு முறை சமையலறைக் குழாய் உடைந்து தண்ணீர் கணுக்காலுக்கு வந்தபோதும் கடைசிக் காட்சி முடிந்துதான் எழுந்தார். "எத்தனை பேர் உயிரைக் கொடுத்து எடுத்திருக்காங்க, பாதியில நிறுத்துறது அவங்கள அவமானப்படுத்துற மாதிரி" என்பது அவர் கொள்கை.

நானும் பார்க்கத்தான் நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், டிஸ்க்கைப் போட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்தேன். கண் விழித்தபோது மணி ஐந்து. தூங்கிவிட்டேன் என்று எழுத வெட்கமாக இருந்தது. "அந்தக் கடைசி இடம்! இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது" என்று எழுதிவைத்தேன். எந்தப் படத்துக்குத்தான் கடைசி இடம் இல்லை? மறுநாள் பெட்டியில் அவர் சீட்டு: "எப்படிக் கண்டுபிடித்தாய்! எனக்கும் அதேதான்."

அன்றோடு கெட்டேன். பெட்டியின் பின் அட்டையைப் படிப்பேன். சலவைக்கூடத்தில் பார்த்த நாலு முகங்களை நினைத்துக்கொள்வேன். கை, கதவு, மௌனம் இந்த மூன்றும் இல்லாத படம் கிடையாது. "பெரிய மகன் பேசாமல் நின்ற இடம்" என்று எழுதினால் அவர் அதைத் தேடிக் கண்டுபிடித்து உருகுவார். வேலை செய்யும் இடத்தில் என் சீட்டுகளை எல்லோருக்கும் படித்துக் காட்டுகிறார் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது. பொய் சொல்லக் கூடாதுதான். பன்னிரண்டு வருடக் கல்யாணத்தில் என் பேச்சை ஒரு மனிதர் இத்தனை ஆசையாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. அதை எப்படி விடுவேன்?

போன மாதம் ஒரு தொடர் எடுத்தோம். நான்காவது மாடியில் குடியிருக்கும் ஒரு விதவைத் தாய், சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகள், வருடக்கணக்காக ஓடாத ஒரு லிஃப்ட். அவருக்குத் தொடர் உயிர். அந்த லிஃப்ட்தான் தொண்டையில் முள். "ஒரு மணி நேர வேலை. என்னைக் கூப்பிட்டிருந்தால் முதல் பகுதியிலேயே சரிசெய்திருப்பேன்" என்று சீட்டில் புலம்பினார்.

வியாழக்கிழமை என் முறைக்கு வந்தது, மகள் திரும்பி வரும் பகுதி. வழக்கம்போலத் தூங்கினேன். எழுந்து, அட்டையைப் பார்த்து, இப்படி எழுதினேன்: "மகள் வாசலில் நிற்கிறாள். அம்மா கதவைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே 'சாப்பிட்டியா?' என்று கேட்கிறாள். நடிப்பு என்றால் இதுதான்." எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தால் பெட்டியில் அவர் சீட்டு. "பத்தொன்பதாவது நிமிடத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. பிளேயர் கெட்டுவிட்டது போலிருக்கிறது. நேற்று உனக்கு நன்றாகத்தானே ஓடியது?"

ஓடவிட்டுப் பார்த்தேன். மகளின் விரல் அழைப்பு மணிக்கு ஒரு அங்குலம் முன்னால் உறைந்து நின்றது. எத்தனை முறை போட்டாலும் அதே அங்குலம். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான், கத்தவும் முடியவில்லை. அப்போதாவது உண்மையை எழுதியிருக்கலாம். "ஆமாம், நன்றாக ஓடியது" என்று எழுதினேன்.

சனிக்கிழமை அவர் பிளேயரைக் கழற்றி, திருகாணிகளைச் செய்தித்தாளில் வரிசையாக வைத்து, துடைத்து, மாட்டியிருந்தார். டிஸ்க் கெட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. நான்தான் முழுதாகப் பார்த்துவிட்டேனே!

ஞாயிற்றுக்கிழமை பிளேயரைக் கையில் தூக்கிக்கொண்டு என்னோடு கடைக்கு வந்தார். டிஸ்க்கைத் தன் பிளேயரில் போட்டுப் பார்த்த கடைக்காரர் சிரித்தார்.

"பிளேயர் நல்லாத்தான் இருக்கும் சார். டிஸ்க்கே கோளாறு. இதே தொடரை நேத்து மூணு பேர் திருப்பிக் கொடுத்துட்டாங்க. எல்லாமே பத்தொன்பதுல நிக்குது. வேற டிஸ்க் அனுப்பச் சொல்லியிருக்கேன்."

"அதெப்படிங்க? வியாழக்கிழமை எங்க வீட்டுல முழுசா ஓடியிருக்கே. என் மனைவி பார்த்திருக்காங்க."

"இந்த டிஸ்க்குல அதுக்கு மேல யாராலயும் பார்க்க முடியாது சார். அம்மா வேற எதையாவது நினைச்சுக்கிட்டிருப்பாங்க."

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்து நான் நாலைந்து முறைதான் பார்த்திருக்கிறேன். காது மடல் சிவந்துவிடும். சட்டைப்பையிலிருந்து என் சீட்டை எடுத்தார்.

"என் பொண்டாட்டி பார்க்காம ஒரு வரி எழுத மாட்டா. கேளுங்க!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி படித்தார். அலமாரி பக்கம் நின்ற இரண்டு பேர் திரும்பினார்கள். 'சாப்பிட்டியா' வரும் இடத்தில் அவர் குரல் உடைந்தது. "இதைப் பார்க்காம எழுத முடியுமா? நீங்களே சொல்லுங்க!"

கடைக்காரர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்தவர் ஒருவர்தான். இன்னும் ஒரு நிமிடம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் கடைக்காரரைப் பொய்யர் என்று சொல்லியிருப்பார்.

"நான் பார்க்கலங்க" என்றேன். "தூங்கிட்டேன்."

கடைக்காரர் சட்டென்று ஒரு துணியை எடுத்துச் சுத்தமாக இருந்த மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். நல்ல மனிதர்.

தெருமுனை வரை பிளேயரைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தார். பிறகு, "எத்தனை பார்க்கல?" என்று கேட்டார்.

"எல்லாமே."

"அந்தக் கப்பல் படம்? சமையல்காரன் கை நடுங்குச்சுன்னு எழுதியிருந்தியே. நான் ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். நடுங்குச்சும்மா."

"நடுங்கியிருக்கும்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பிளேயரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"எனக்குப் படத்தைப் பத்தியா தெரியணும்? வீட்டுல நீ என்ன பண்ணினேன்னு எனக்கு அந்தச் சீட்டுலதானே தெரியும். தூக்கம் வந்துடுச்சுன்னு எழுதியிருந்தா அதையும்தானே படிச்சிருப்பேன்."

நடுத்தெருவில் செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடு" என்றார். அவர் விடவில்லை என்று எனக்குத் தெரியும். திங்களும் செவ்வாயும் பெட்டியில் சீட்டு இல்லை. சோறு மூடி வைத்திருந்தது, துணி காய்ந்து மடித்து வைத்திருந்தது. இரண்டு நாளாக நான் யாரோ ஒருவரின் வீட்டில் குடியிருப்பது போல இருந்தது.

புதன்கிழமை புது டிஸ்க் மேசை மேல் இருந்தது. சீட்டு மட்டும் இல்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டேன். சோபாவில் உட்கார்ந்தால் போச்சு என்று நின்றுகொண்டே பார்த்தேன். பதினோரு மாதத்தில் முதல் முறையாக விழித்திருந்து பார்த்தேன், அந்தத் தாயின் முகத்தை. கடையில் வாங்கிய சாமான் பையோடு நான்கு மாடி ஏறுகிறாள். ஒவ்வொரு மாடியிலும் பையைக் கை மாற்றுகிறாள். மூன்றாவது மாடியில் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும், களைப்பே இல்லாதவள் மாதிரி நிமிர்ந்து நின்று தலையைச் சரிசெய்துகொள்கிறாள். எங்கள் சலவைக்கூட மேற்பார்வையாளர் வரும்போது நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நிமிருவோம். இத்தனை நாள் நான் இட்டுக்கட்டியது எதுவும் இந்த ஒரு நிமிரலுக்குக் கால் தூசு பெறாது. எடுத்தவர்கள் கைக்குப் பொற்காப்பு பூட்டலாம். இதையெல்லாம் அவர் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறாரே என்று நினைத்தேன். கால் வலித்தது. ஒரே ஒரு நிமிடம் என்று சோபா ஓரத்தில் உட்கார்ந்தேன்.

விழித்தபோது ஐந்தே கால்.

சீட்டு எடுத்தேன். "பன்னிரண்டாவது நிமிடம் வரை பார்த்தேன். மூன்றாவது மாடியில் அவள் நிமிர்ந்து நிற்கும் இடம் பிரமாதம். இது நிஜம். அதற்குப் பிறகு தூங்கிவிட்டேன். இன்றைக்கு ஐந்நூற்றுப் பத்து விரிப்புகள்." பெட்டிக்குள் வைத்தேன்.

வியாழக்கிழமை வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியைத் திறந்தேன். என் சீட்டின் கீழேயே அவர் எழுதியிருந்தார்.

"அந்த நிமிரல் எனக்கும் பிடித்தது. லிஃப்ட் ஓடியிருந்தால் அதைப் பார்த்திருக்க முடியாது, போகட்டும். நானும் பன்னிரண்டாவது நிமிடத்திலேயே நிறுத்திவிட்டேன். மிச்சத்தை நீ பார்த்துச் சொல்."

கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்த மனிதர்! சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு டிஸ்க்கைப் போட்டேன். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரை தாங்கினேன்.

ஐம்பது நிமிடப் பகுதி அது. இருவரும் பார்த்து முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று.