யானையின் இடது காது

மே மாதத் தாம்பரத்தில் உல்லன் நூலை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவதே ஒரு தண்டனை. அதில் ஃபேன் வேறு போடக்கூடாது. போட்டால் யானையின் வயிற்றுக்குள் போகவேண்டிய பஞ்சு எல்லார் மூக்கிலும் ஏறிவிடும். இந்த லட்சணத்தில்தான், எங்கோ பனி கொட்டுகிற ஊர்ப் பிள்ளைகள் கட்டிப்பிடித்துத் தூங்குவதற்காக, கிழக்குத் தாம்பரத்து மாடி ஹாலில் பெண்கள் வேர்வை வழிய வழிய யானை பின்னிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு ஜெயசீலிக்குத் தலையே வெடித்துவிடும்போல இருந்தது. செக்கிங் மேஜை அவளுடையது. பின்னி, பஞ்சு அடைத்து, தைத்து வருகிற ஒவ்வொரு யானையையும் இஞ்ச் டேப்பால் அளந்து, இழுத்துப் பார்த்து, சரியென்றால் பெட்டியில் போடுவாள். சரியில்லை என்றால் ‘ரிஜெக்ட்’ என்று ஒரே வார்த்தை. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. சாயங்காலம் லாரி வருகிறது, கடைசிப் பெட்டியில் ஒரு யானை குறைகிறது. ஒன்றே ஒன்று.

ஒன்றுதானே என்று விடவும் முடியாது. போன முறை சரக்கு குறைந்ததற்கே வெளிநாட்டுக்காரர்கள் முகத்தில் அடித்தமாதிரி எழுதியிருந்தார்கள். இன்னொரு தடவை குறைந்தால் அடுத்த வருஷ ஆர்டர் நமக்கு இல்லை என்று மேனேஜர் அசரியா சார் சொல்லிவிட்டார். ஆர்டர் இல்லை என்றால் இந்தப் பெண்களுக்கு வேலை இல்லை. கீழ்வீட்டில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்காக நடக்கிற இல்லத்தில் அடுப்பும் எரியாது. மாடியில் வருகிற லாபத்தில்தான் கீழே சோறு வேகிறது.

குறைந்ததற்குக் காரணம் அம்மணி. வேறு யார்? ஹாலிலேயே நல்ல கை அம்மணியுடையது. பேசிக்கொண்டே பின்னுவாள், ஒரு தையல் தப்பாது. அப்படிப்பட்டவள் கொஞ்ச நாளாக அவ்வப்போது ஒரு யானையை இடது காது சின்னதாகக் கொண்டுவந்து வைக்கிறாள். வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவள்போல முகத்தை வைத்துக்கொள்வாள்.

ஜெயசீலி என்னவெல்லாமோ செய்து பார்த்தாள். ஜன்னலோரம் உட்காரவைத்தாள். ஊசியை மாற்றினாள். வயசாகிறதே, கண்ணாக இருக்கும் என்று சேலையூரில் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய், தன் கைக்காசில் கண்ணாடி வாங்கிப் போட்டாள். அம்மணியும் சமர்த்தாக அதை மூக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மறுவாரமே காது சின்ன யானை ஒன்று வந்து நின்றது. எரிச்சல் வருமா வராதா?

நேற்றும் ஒன்று. ரிஜெக்ட் ஆனதை வெளியே விற்கக்கூடாது, நல்லதை வெளியே கொடுக்கவும் கூடாது. அது ஆர்டர் போட்டவர்களின் சட்டம். அதனால் கெட்டுப்போனதெல்லாம் கீழே பிள்ளைகளுக்கு விளையாடப் போய்விடும். நேற்றையதும் போயிருந்தது. அதை வாங்கிவந்து காதைப் பிரித்துப் பின்னச் சொன்னால் பெட்டி நிறைந்துவிடும் என்று, முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினாள் ஜெயசீலி.

லீவு நாள். பிள்ளைகள் வேப்பமர நிழலில் யானைகளை வரிசையாக நிறுத்தி ஊர்வலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெயசீலி அப்படியே நின்றுவிட்டாள். அத்தனைக்கும் இடது காது சின்னது. அத்தனையும் ஒரே அளவில் சின்னது. தெரியாமல் வந்த தப்பு ஒவ்வொரு தடவையும் இப்படி அளந்துவைத்தமாதிரியா வரும்? ஐயோ, இவ்வளவு நாளாக நம்மை மடச்சி ஆக்கியிருக்கிறாளே என்று அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்றைய யானை ரேஷ்மாவிடம் இருந்தது. போன வாரம்தான் இல்லத்துக்கு வந்த ஆறு வயசுப் பெண். ஜெயசீலி கை நீட்டி, சரிபண்ண வேண்டும், கொடு என்றாள். அழும், அடம்பிடிக்கும், ஏதாவது சொல்லிச் சமாளிக்கவேண்டியிருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். ரேஷ்மா உடனே எடுத்து நீட்டினாள். கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்று எப்போதோ பழகிப்போன கை அது.

“அடுத்தது கெட்டுப்போனா எனக்கு முதல்ல குடுப்பீங்களா ஆன்ட்டி?” என்று மட்டும் கேட்டாள்.

 ஜெயசீலி மாடி ஏறிவந்து யானையை அம்மணியின் மடியில் போட்டாள். இத்தனை பேர் பிழைப்பை வைத்து விளையாடுகிறீர்களா, உங்களுக்காக அசரியா சாரிடம் நான் வாங்கின பேச்சு கொஞ்சமா, கண்ணாடிக்குக் கொடுத்தது என் வீட்டுப் பால் காசு என்று பொரிந்து தள்ளினாள். ஹாலில் ஒரு ஊசி அசையவில்லை. அம்மணி மட்டும் நிதானமாக அந்தக் காதின் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

“கண்ணு நல்லாத்தான் கீது. நீ ஆசையா வாங்கிக் குடுத்தியேனு போட்டுகினேன்” என்றாள். பிறகு தலை நிமிராமலே, “கீழ புதுசா ஒரு கொழந்த வந்தா ஒண்ணு கெடுப்பேன். நல்லதா இருந்தா நீ குடுக்க மாட்ட. கெட்டுப்போனாதான குடுப்ப? அதான் கெடுத்தேன்.”

 ஜெயசீலிக்குக் கோபம் போகவில்லை. அது யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அம்மணிமேலா, சட்டம் போட்டவர்கள்மேலா, கீழே கை நீட்டின தன்மேலேயேவா? மேஜையில் போய் உட்கார்ந்து, அளக்க ஒன்றும் இல்லாமல் இஞ்ச் டேப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள்.

அம்மணி புதுக் காது பின்னித் தைத்து யானையைக் கொண்டுவந்து வைத்தாள். ஜெயசீலி இரண்டு காதையும் அளந்தாள். தும்பிக்கையை இழுத்தாள், காலைத் திருகினாள், கண்ணை நிமிண்டினாள். ஒரு குறை சொல்ல முடியாத யானை. பெட்டி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

“ரிஜெக்ட்” என்றாள் ஜெயசீலி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “இன்னாம்மா கொறை?” என்றாள் அம்மணி.

ஜெயசீலி எட்டி அவள் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டாள். “என் கண்ணுக்குச் சரியில்லனு படுது. செக்கிங் யாரு, நீங்களா நானா?”

அந்த நேரம் பார்த்து லாரி டிரைவர் போன் செய்தார். பெருங்களத்தூரில் வண்டி நகரவே இல்லையாம், லேட்டாகுமாம். வேறு நாளாக இருந்தால் அவரையும் ஜிஎஸ்டி ரோட்டையும் சேர்த்துத் தோலை உரித்திருப்பாள். மெதுவாகவே வாருங்கள் அண்ணா என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு ஹாலைப் பார்த்துத் திரும்பினாள். வேடிக்கை பார்த்தது போதும், ஒருத்தி தும்பிக்கையை எடு, ஒருத்தி உடம்பை எடு, ஆளுக்கு ஒரு கால் பின்னுங்கள், லாரி வருவதற்குள் பெட்டி நிறைய வேண்டும் என்று விரட்டினாள்.

“காதை மட்டும் அம்மணிக்கா கையில குடுத்துடாதீங்க.”

ஊசிகள் ஓட ஆரம்பித்த பிறகு அவளே யானையை எடுத்துக்கொண்டு கீழே போனாள். ரேஷ்மா வாங்கிக்கொண்டு இடது காதைப் பார்த்தாள். வலது காதைப் பார்த்தாள். புரட்டி வயிற்றைத் தடவினாள், ஒவ்வொரு காலாக எண்ணினாள், வாலைத் தூக்கிப் பார்த்தாள்.

“இதுல எது கெட்டுப்போச்சு ஆன்ட்டி?”

“ஒண்ணும் கெடல” என்றாள் ஜெயசீலி. “நல்லதுதான். வெச்சுக்கோ.”

ரேஷ்மா நம்பாமல் இன்னொரு தடவை காதுகளை இழுத்துப் பார்த்தாள்.