எதுவா இருந்தாலும் தட்டிவிடு

காலை எட்டு மணிக்குள் அந்த ட்ரோன் ஒன்பது முறை எச்சரித்துவிட்டது. அது இன்னும் தரையை விட்டே கிளம்பவில்லை என்பதுதான் வேடிக்கை.

"திசைகாட்டியில் இடையூறு கண்டறியப்பட்டது" என்றது. "அருகில் உலோகப் பொருட்கள் உள்ளன, தயவுசெய்து வேறிடம் செல்லவும்" என்றது. ஆலை முற்றத்தில் உலோகம் இல்லாமல் வேறு என்ன இருக்கும்? இதைச் செய்தவன் வாழ்நாளில் ஒரு ஆலைப் பக்கம் எட்டிப் பார்த்திருக்க மாட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வேறிடம் போகலாம்தான். ஆனால் பார்க்க வேண்டிய புகைபோக்கி இங்கேதானே நிற்கிறது.

அது பழைய செங்கல் புகைபோக்கி. நாலு பக்கமும் சதுரமாக, நூறு அடிக்கு மேல் உயரம். அடியிலிருந்து உச்சி வரை இடைவெளி விட்டு இரும்புப் பட்டைகள் சுற்றியிருந்தன. ஒரு பக்கத்தில் மட்டும், செங்கல்லுக்குள் இரண்டு காலையும் புதைத்த கம்பிப் படிகள் வரிசையாக மேலே போயின. மொத்தம் நூற்றுப் பத்துப் படி. ஆலையை மூன்று நாள் மூடி, உச்சியில் இருக்கும் பட்டைகளை இறுக்கித் தர மேஸ்திரியைக் கூப்பிட்டிருந்தார்கள். மேஸ்திரி அவள் கணவர். உயரத்தில் வேலை செய்கிறவர்களில் அவர் பெயர் பெரிது.

இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு ஆலையில், அவர் காலை வைத்த செங்கல் பொடிந்து, ஒற்றைக் கொக்கியில் கால் மணி நேரம் தொங்கினார். இறக்கி வைத்ததும் சிரித்தார், தண்ணீர் கேட்டார், மறுநாளே வேலைக்குக் கிளம்பினார். அவளுக்குத்தான் ஒரு மாதம் தூக்கம் போனது. சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். கடைசியில் இந்த ட்ரோனை வாங்கினாள். நாலு மாதம் விளையாட்டு மைதானத்தில் ஓட்டிப் பழகினாள். அன்றிலிருந்து வீட்டுக்கு ஒரு சட்டம்: அவள் கண்ணால் பார்க்காத இடத்தில் அவர் கால் வைக்கக் கூடாது. நாலு பக்கமும் படம் எடுத்து, வண்டிக்குள் உட்கார்ந்து மடிக்கணினியில் நிதானமாகப் பார்த்து, "ஏறலாம்" என்று அவள் சொன்ன பிறகுதான் அவர் ஏறுவார். மனைவி சொல்லி அந்த மனிதர் கேட்ட ஒரே விஷயம் அது.

ட்ரோன் ஓட்டுவது அவளுக்குச் சுலபமாகத்தான் வந்தது. அதோடு சேர்ந்து வந்த பெட்டிகளைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு எச்சரிக்கையும் ஒரு பெட்டியாகத் திரையின் நட்டநடுவில், எந்த இடத்தை உற்றுப் பார்க்கிறோமோ சரியாக அதை மறைத்துக்கொண்டு வந்து நிற்கும். "சரி" என்று தட்டினால்தான் போகும். தட்டுவதற்குக் கட்டைவிரலைப் பிடியிலிருந்து எடுத்தால் ட்ரோன் சுவரில் போய் முட்டும். ஆக, மூன்றாவது கை ஒன்று தேவைப்பட்டது.

அந்தக் கைக்குச் சொந்தக்காரி நாத்தனார். மேஸ்திரியின் தங்கை, பத்து வருடம் தட்டச்சு வேலை பார்த்தவள். விரல் வேகத்துக்கு அவளை மிஞ்ச ஆளில்லை. ஆரம்பத்தில் ஒவ்வொரு பெட்டியையும் வாய்விட்டுப் படித்த பிறகே தட்டுவாள்.

"அண்ணி, காற்றின் வேகம் மிகுதியாக உள்ளதாம்."

"எனக்குத் தெரியாதா? சேலை பறக்குதே. தட்டு."

"அண்ணி, தடையை நெருங்குகிறீர்களாம்."

"அந்தத் தடையைப் பார்க்கத்தானே வந்திருக்கோம். தட்டு."

"அண்ணி, கவனமாகப் பறக்கவுமாம்."

"அடிப்பாவி, இது சொல்லித்தான் நான் கவனமா இருக்கணுமா? நீ படிக்காத. எதுவா இருந்தாலும் தட்டிவிடு."

அதற்குப் பிறகு நாத்தனார் படிப்பதை விட்டுவிட்டாள். பெட்டி எழும்பும், விரல் இறங்கும். இரண்டு பேரும் சேர்ந்து இருபது புகைபோக்கி பார்த்தார்கள், ஒரு குறையும் வரவில்லை. குறை வராதவரை எல்லாப் பழக்கமும் நல்ல பழக்கம்தான்.

இன்றும் அப்படித்தான் நடந்தது. முதல் மூன்று பக்கமும் பொறுமையாக எடுத்தாள். நாலாவது, படிகள் இருக்கும் பக்கம். அங்கே வந்தபோது வெயில் திரைமேல் விழுந்து கண் கூசியது. காற்றும் அந்தப் பக்கம்தான் மொத்தமாக வீசியது. பெட்டிமேல் பெட்டி வந்தது. நாத்தனாரின் விரல் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தது. திரையில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கால்வாசி செங்கல், முக்கால்வாசி எச்சரிக்கை. போகட்டும், எல்லாம் பதிவாகியிருக்கும், வண்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று உச்சி வரை கொண்டுபோய் இறக்கினாள்.

வண்டிக்குள் படங்களை ஓட்டிப் பார்த்தாள். முதல் பக்கம் சுத்தம். இரண்டாவதும் சுத்தம். மூன்றாவது முடியப்போகும் நேரத்தில் ஆலை மேனேஜர் வந்து நின்றார். கையில் ஒரு வாக்கி-டாக்கி, முகத்தில் அவசரம்.

"மேஸ்திரி, மதியத்துக்கு மேல காத்து இன்னும் ஏறும். பார்த்துக்குங்க."

மேஸ்திரி அதற்குள் இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு, இரண்டு கொக்கியையும் தொங்கவிட்டபடி வண்டிக் கதவில் சாய்ந்திருந்தார்.

"என்ன, ஏறலாமா?"

மூன்று பக்கமும் நேற்றுக் கட்டியதுபோல இருந்தன. அதே செங்கல், அதே வயசு, கட்டியவனும் ஒருவனே. நாலாவது மட்டும் வேறு மாதிரி இருந்துவிடுமா?

"ம், ஏறுங்க" என்றாள். அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அவர் போய்விட்டார். அவள் நாலாவது படத்தைத் திறந்தாள். படிகள் ஒவ்வொன்றாகக் கீழே நழுவின. ஐம்பதாவது படி, ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு. அத்தோடு படம் நின்றது. திரும்ப ஓட்டினாள், அதே இடத்தில் நின்றது. வேறு கோப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் இல்லை. பாதிப் புகைபோக்கிக்கு மேல் படமே இல்லை.

"இந்தப் பக்கம் எடுக்கும்போது ஏதாவது பெட்டி வந்துச்சா?"

நாத்தனார் விழித்தாள். "பத்துப் பதினைஞ்சு வந்துச்சே அண்ணி."

"வேற மாதிரி எதுவும்?"

"நினைவகம் நிரம்பியது, பதிவு நிறுத்தப்பட்டதுன்னு ஏதோ ஒண்ணு." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் இறங்கியது. "நீங்கதானே அண்ணி எதுவா இருந்தாலும்..."

"ஆமா. நான்தான்."

வெளியே ஓடி வந்தாள். மேஸ்திரி முப்பது படி தாண்டியிருந்தார். ஒரு கொக்கியைக் கழற்றி மேல்படியில் மாட்டுவார், ஏறுவார், அடுத்த கொக்கியைக் கழற்றுவார். பார்ப்பவர்களுக்குப் பயமே இருக்காது, அவ்வளவு அழகான ஏற்றம். ஆனால் கொக்கியை மாட்டுவதே அந்தப் படிகளில்தான். படி பிடுங்கிக்கொண்டு வந்தால் கொக்கியும் கூடவே வரும். 

வாக்கி-டாக்கியை எடுத்தாள். மேஸ்திரியின் தோளில் ஒன்று இருந்தது. மேனேஜர் கையிலும் ஒன்று, அதே அலைவரிசையில்.

"இறங்குங்க" என்றாள்.

"சரி சரி" என்று அவள் கையிலிருந்த கருவியில் அவர் குரல் வந்தது. அவர் அடுத்த கொக்கியை மாட்டினார்.

அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. இந்த வேலையில் அவள் கூடச் சேர்ந்த நாளிலிருந்து, அவர் ஏறும்போதெல்லாம் அவள் கீழே நின்று வாய் மூடாமல் பேசிக்கொண்டேயிருப்பாள். பார்த்து. மெதுவா. காத்து அடிக்குது. போதும், இறங்குங்க. அந்தப் படி சரியில்ல போல இருக்கு. இறங்குங்கன்னு சொல்றேன்ல. ஒரு ஏற்றத்துக்குக் குறைந்தது நாலு "இறங்குங்க" உண்டு. அவரும் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாக "சரி சரி" சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். புலி வருது கதை எல்லோருக்கும் தெரியும். சொல்கிற ஆளுக்கு மட்டும் அது தன் கதை என்று தெரிவதில்லை.

"நிஜமாத்தான் சொல்றேன், இறங்குங்க."

"சரிம்மா, சரி."

நாற்பத்தைந்து.

காரணத்தைச் சொன்னால் இறங்கிவிடுவார். அது அவளுக்குத் தெரியும். நான் பார்க்கவில்லை, பார்க்காமலே ஏறச் சொல்லிவிட்டேன் என்று ஒரே வரிதான். ஆனால் அதை மேனேஜர் கேட்பார். நாளைக்கு ஊரில் உள்ள ஆலை எல்லாம் கேட்கும். மேஸ்திரி பெண்டாட்டி பார்த்துச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம் என்று ஒன்றரை வருடமாகச் சேர்த்த பெயர், ஒரு வரியில் போய்விடும். அந்தப் பாழாய்ப் போன நினைப்பு அந்த நேரத்திலும் வந்தது.

மேனேஜர் பக்கத்தில் வந்தார். "என்னம்மா, ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல" என்றாள். சொன்ன மறு நொடியே தன்மேல் அவளுக்கு அருவருப்பு வந்தது.

"இறங்குங்க" என்று மூன்றாவது முறை சொன்னாள்.

"ஆகட்டும்."

ஐம்பத்திரண்டு. படம் நின்ற இடம். அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.  வெறும் காற்றுதான் வந்தது. ஐம்பத்து மூன்று. ஐம்பத்து நாலு. நாத்தனார் அவள் கையைப் பிடித்து உலுக்கினாள். ஐம்பத்தைந்து. வாக்கி-டாக்கியில் இரைச்சல்கூட இல்லை.

ஐம்பத்தாறாவது படியில் மேஸ்திரி நின்றார். கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு தலையைத் திருப்பிக் கீழே பார்த்தார்.

"ஏய், என்னாச்சு? சத்தத்தையே காணோம்?"

அப்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது.

"இந்தப் பக்கம் நான் பார்க்கலைங்க. பாதிக்கு மேல படமே இல்ல. பார்க்காமலே உங்களை ஏறச் சொல்லிட்டேன்."

 அவர் கையிலிருந்த கொக்கியைக் கீழ்ப்படியில் மாட்டினார். ஏறிய அதே நிதானத்தோடு ஐம்பத்தாறு படியையும் இறங்கினார்.

அவர் தரையைத் தொட்டதும் மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரம் வீணாப் போச்சு" என்று பொதுவாகச் சொல்லி வைத்தார்.  அவள் பழைய படங்களை அழித்து இடம் பண்ணி, ட்ரோனை மறுபடி ஏற்றினாள்.  நாத்தனார் இந்த முறை ஒரு பெட்டியையும் சும்மா விடவில்லை.

"காற்றின் வேகம் மிகுதி. தட்டவா அண்ணி?"

"தட்டு."

"தடை, இரண்டு மீட்டர். தட்டவா?"

"இரு. கொஞ்சம் பின்னால வர்றேன். ம், தட்டு."

"மின்கலம் பாதி இருக்கு. நினைவகம் பத்தி ஒண்ணும் சொல்லல."

"சரி."

மேஸ்திரி இரண்டு பெண்களின் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூறு வரை படிகள் நன்றாக இருந்தன. தொண்ணூற்று மூன்றில் செங்கல் கறுத்திருந்தது. தொண்ணூற்று நாலில் ஒரு காலைச் சுற்றி இருந்த செங்கல்லே இல்லை. தொண்ணூற்றைந்துக்கும் தொண்ணூற்றாறுக்கும் ஒரு கால் அந்தரத்தில் நின்றது. இன்னொரு கால் எதை நம்பி நிற்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. மழைத் தண்ணீர் எத்தனை வருடமாக உள்ளே இறங்கியதோ.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டுக் கொண்டார். "சாரம் கட்டித்தான் பண்ணணும் போல. நான் ஆபீசுக்குச் சொல்லிடறேன்" என்று நடந்தார்.

அவள் ட்ரோனை இறக்கிப் பெட்டியில் வைத்தாள். நாத்தனார் தண்ணீர் கொண்டுவரப் போனாள். மேஸ்திரி வண்டியின் படியில் உட்கார்ந்து இடுப்புப் பட்டையை அவிழ்த்தார். வழக்கமாக அரை நிமிடத்தில் அவிழ்ப்பவர், இன்று வாருக்கு வார் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. பயம் பாதி, வெட்கம் பாதி. அழுகையோடு ஆத்திரமும் வந்தது.

"மூணு தடவை இறங்குங்கன்னு சொன்னேனே. உங்களுக்குக் கேட்கவே இல்லையா?"

அவர் வாரைத் தேடுவதை நிறுத்தினார்.

"கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. எப்பவும் சொல்றதுதானேன்னு நினைச்சுட்டேன்."

அவள் வாய் வரை ஒரு பெரிய ஏச்சு வந்தது. இருபது வருடத்து ஏச்சு. அது வெளியே வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றாள், ட்ரோன் பெட்டியைப் பார்த்துக்கொண்டே.