பத்தியம் இல்லை

1

இந்தக் கதை எனக்கு ஒரு பேக்கரியில் கிடைத்தது. நான் போனது மக்ரூன் வாங்க. (தூத்துக்குடிக்காரன் வெளியூருக்குக் கிளம்பினால் வேறு என்ன வாங்கிக்கொண்டு போவான்?) கூட வந்தவள் ஜாய், எனக்கு அடுத்த வீடு. குடலுக்குள் எடுத்த படங்களைப் பார்த்து நோய் சொல்லும் கணினி நிரல் ஒன்றை ஒரு மருத்துவமனையில் சோதித்துப் பார்க்கும் குழுவில் அவளுக்கு வேலை. கடைக்குள் நுழைந்ததும் கல்லாவில் இருந்த பெண் "ஜாய் அக்கா" என்று கூப்பிட்டாள். இருவரும் கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று கொஞ்ச நேரம் பேசினார்கள். பேசி முடிப்பதற்குள் ஜாயின் முகம் செத்துப்போயிருந்தது.

அந்தப் பேச்சை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதை அப்படியே முதலில் வைத்தால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. ஆகவே பின்னால் போகவேண்டியிருக்கிறது.

(அந்தப் பெண்ணின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பேரை மட்டும் மாற்றச் சொன்னாள். முத்துச்செல்வி என்கிற பேரும் அவள் கொடுத்ததுதான்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதியபோது முத்துச்செல்வி அந்த மாத்திரையை விழுங்கினாள்."

அடித்துவிட்டேன். கண்ணாடி சாத்திய ஏசி அறையில் எந்தக் கப்பலின் சங்கும் கேட்காது. எங்கள் ஊர் என்றாலே கப்பலை ஊதவைக்கும் கெட்ட பழக்கம் எழுதுகிறவர்களுக்கு உண்டு.

அடுத்தது:

"ஆழ்கடலில் மூச்சடக்கி முத்தெடுப்பவனைப் போல அந்தக் குட்டிக் கேமரா அவளுடைய—"

இதை முடிக்கக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது. ஊருக்கு முத்து பேர்போனது என்பதற்காக ஒரு பெண்ணின் குடலுக்குள்ளும் போய் முத்துக் குளிக்க வேண்டுமா? அலங்காரத்தை விட்டுவிட்டு விஷயத்தைச் சொல்கிறேன்.

3

முத்துச்செல்விக்கு உடன்குடிப் பக்கம். கணவன் செந்தூர்வேலுக்குத் தூத்துக்குடியில் பேக்கரி. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளுக்கு வயிறு சரியில்லை. உப்புசம், பேதி, உடம்பில் ரத்தம் இல்லை. இரும்புச்சத்து மாத்திரை எத்தனை விழுங்கினாலும் ஏறவில்லை. இரண்டு முறை கரு தங்கவில்லை.

கடைசியாகப் பார்த்த டாக்டர் சீலியாக்காக இருக்கலாம் என்றார். கோதுமையில் உள்ள ஒரு புரதம் சிலருக்கு ஆகாது. அது உள்ளே போகப் போகக் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிவிடும். (பத்தாம் வகுப்பில் படம் வரைந்து பாகம் குறித்தோமே, சிறுகுடலுக்குள் விரல் விரலாக நிற்குமே, அவைதாம்.) பிறகு சாப்பிடும் சத்து உடம்பில் ஒட்டாது, கருவும் தங்காமல் போகலாம். மருந்து என்று ஒன்றும் கிடையாது. கோதுமையை விட்டால் போதும், குடலுறிஞ்சிகள் திரும்ப முளைத்துவிடும்.

ரத்தப் பரிசோதனை இரண்டுங்கெட்டானாக வந்தது. தொண்டை வழியாகக் குழாய் விட அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே கேமரா மாத்திரை. விழுங்கினால் போதும், குடல் முழுக்கப் படம் பிடித்துக்கொண்டே போய்த் தானாக வெளியேறிவிடும். படங்கள் ஆயிரக்கணக்கில் வரும். மனிதக் கண் சலித்துவிடுகிற அந்த வேலையைத்தான் ஜாயின் கணினி செய்கிறது. மடிப்புகளின் ஓரம் அரித்திருக்கிறதா, பரப்பு வழவழவென்று ஆகிவிட்டதா என்று ஒவ்வொரு படமாகப் பார்த்துப் பச்சையோ சிவப்போ காட்டும்.

மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் ஜாய் அவளிடம் கேட்டாள்: "கோதுமை, மைதா எல்லாம் சாப்பிடுவீங்கல்லா?"

"பேக்கரிக்காரன் பெண்டாட்டிட்ட கேக்குற கேள்வியாக்கா இது?"

"பத்தியம் எதுவும் இருக்கீங்களா?"

"பத்தியமெல்லாம் இல்ல."

கணினி பச்சை காட்டியது. டாக்டரும் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு நார்மல் என்று எழுதினார்.

4

இந்த இடத்தில் செந்தூர்வேலைக் கெட்டவனாக்கப் பார்த்தேன். பெண்டாட்டி நோயைவிடக் கடைப் பேர் பெரிதாகத் தெரிகிற ஆள் என்று ஒரு பத்தியே எழுதினேன். (எழுதுகிற பத்தி. இந்தச் சொல் இன்று என் காலைச் சுற்றிக்கொண்டே வருகிறது.) ரிப்போர்ட்டைப் பார்த்ததும் "நம்ம பன்னு மேல பழி இல்ல, ஏளா" என்று அவன் சிரித்தது உண்மை. அன்றையிலிருந்து தினமும் சூட்டோடு ஒரு பன்னை வெண்ணெய் தடவி எடுத்துவந்து அவளுக்குக் கொடுத்ததும் உண்மை. ஆனால் அதைக் கொடுக்கும்போது அவன் முகம் எப்படியிருந்தது என்று முத்துச்செல்வி சொன்னாள். அதற்குப் பிறகு அவனைக் கெட்டவனாக எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தப் பத்தியைக் கிழித்துவிட்டேன். அவன் பாவம்.

5

இனி அந்தக் கடைப் பேச்சு.

"இப்ப உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று ஜாய் கேட்டாள்.

"திரும்ப அதே கததான்க்கா. வயிறு ஊதிக்கிடுது. மாலை போட்டிருந்தப்ப எவ்வளவு நல்லா இருந்தேன் தெரியுமா? எல்லாம் அம்மன் புண்ணியம்."

"எந்த மாலை?"

"குலசை அம்மங்கோயில் தசராவுக்குத்தான். பிள்ள வேணும்னு நேர்ந்துக்கிட்டேன். அம்மாக்கு உடம்புக்கு முடியலன்னு இந்த வருசம் சீக்கிரமே ஊருக்குப் போய் அங்கனயே மாலை போட்டேன். கிட்டத்தட்ட ரெண்டு மாசம். காப்பு அவுத்த மறுவாரம் உங்ககிட்ட வந்தேன்."

"அப்ப என்ன சாப்பிட்டீங்க?"

"ஒருபொழுது. நானே பொங்குன பச்சரிசிச் சோறு. ராத்திரிக்குப் பழம், தேங்கா, கருப்பட்டி. கடைப் பண்டம் எதையும் தொடல."

ஜாய் கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். "பத்தியம் இல்லன்னு சொன்னீங்களே."

"பத்தியம் மருந்துக்குல்லாக்கா இருக்கது? இது விரதம்."

முத்துச்செல்வி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் பத்தியம் வைத்தியர் சொல்வது, விரதம் சாமிக்கு இருப்பது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் வீட்டில் திட்டு விழும். ஜாய்க்கும் தசரா தெரியும். நேர்ச்சைக்கு மாலை போட்டு விரதமிருந்து, வேஷம் கட்டிக் காணிக்கை கேட்டு வருகிறவர்களுக்குக் காசு போட்டு வளர்ந்தவள்தான். அவளுடைய கேள்வியில் மட்டும் தசரா இல்லாமல் போயிற்று.

6

கணினியும் தப்புச் செய்யவில்லை. அன்றைக்கு அது பார்த்த குடல் உண்மையிலேயே தேறியிருந்த குடலாக இருக்கலாம். நோய் இல்லாததாலா, நோய்க்கு இரை போடாததாலா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நான் காட்டியதை மட்டும் வைத்து நீங்களும்தானே செந்தூர்வேலை எடைபோடுகிறீர்கள்? நான் அந்தப் பத்தியைக் கிழிக்காமல் விட்டிருந்தால் அவனைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

7

ஜாய் அன்றே டாக்டரிடம் ஓடினாள். அவர் ஆளனுப்பி முத்துச்செல்வியையும் கணவனையும் வரவழைத்தார். அங்கே போன பிறகுதான் முத்துச்செல்வி வாய் திறந்து, நாள் தள்ளிப்போயிருப்பதைச் சொன்னாள். நானும் போயிருந்தேன், துணைக்கு என்று பேர். 

"நிச்சயமாத் தெரியணும்னா," என்றார் டாக்டர், "இன்னும் சில வாரம் கோதுமையைச் சாப்பிட்டுட்டு மறுபடி ரத்தம் பாக்கணும். கர்ப்பத்துல அந்தக் கேமரா மாத்திரையைக் குடுக்க மாட்டோம். சாப்பிட வேண்டாம்னா இன்னைக்கே நிறுத்திரலாம். சத்துக்கு மாத்திரை தாரேன். ஆனா இது சீலியாக்தான்னு என்னால எழுத முடியாது."

எழுதாவிட்டால் என்ன என்று கேட்டேன். வாழ்நாள் முழுக்க எதற்காகக் கோதுமையை ஒதுக்குகிறோம் என்று அவளுக்கே சந்தேகம் வரும், ஊரும் விடாது என்றார். ஜாய்க்கு வேறு கவலை. இந்தக் குடலின் படங்கள் நல்ல குடல் என்கிற பேரில் கணினிக்குள் கிடக்கின்றன. நாளைக்கு இன்னொருத்தியின் குடலுக்கு இவைதான் அளவுகோல்.

செந்தூர்வேல் மனைவி பக்கம் திரும்பினான். "நிறுத்திரு, ஏளா. நம்ம கடைப் பண்டம் உனக்கு வேண்டாம்," என்றான். 

அவள் ஜாயைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்: "நோவுக்குப் பேரு வேண்டாம்க்கா. பிள்ளைக்குப் பேரு வச்சாப் போதும்."

ஜாய் கணினியில் அந்தப் படங்களுக்கு இருந்த பேரை அழித்தாள். வேறு எதையும் அங்கே எழுதவில்லை.

8

முடிவுக்கு வருவோம். என் கையில் இரண்டு இருந்தன.

ஒன்று: பிள்ளை பிறக்கிறது. அம்மனா, கோதுமையை விட்டதா என்று யாரும் கேட்கவில்லை. பெயர் வைக்கிற அன்று கடையில் எல்லோருக்கும் மக்ரூன்.

இரண்டு: ஒரு நாள் காலையில் முத்துச்செல்வி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு—

இரண்டாவதை முழுக்க எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. பத்திரிகைக்காரர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்றும் தெரியும். பிறகு திரும்பிப் படித்துப் பார்த்தேன். பயமாக இருந்தது. எழுதினால் நடந்துவிடும் என்று நம்புகிற ஆள் இல்லை நான். ஆனாலும் அழித்துவிட்டேன். அந்த அரை வரியை மட்டும், நான் என்ன செய்யப் போனேன் என்று நீங்கள் பார்க்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டு எழுதியவர் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். நான் கொடுக்க மாட்டேன். கொடுத்தால் அந்த அரை வரியை முடித்துப் பார்ப்பீர்கள். தயவுசெய்து முடிக்காதீர்கள்.

முத்துச்செல்விக்கு இப்போது நான்காம் மாதம். இந்த மாதத்தை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை.