கண்ணாடி டம்ளர்

என் அக்காவுக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. ஏழு வயது மகளைப் பரீட்சைக்குத் தயார் செய்வதுபோலச் சாட்சி சொல்லவும் தயார் செய்திருக்கிறாள். மேல்வீட்டுக்காரனின் போட்டோவை செல்போனில் காட்டி, "இவருதான்" என்று சாப்பாட்டு நேரத்திலெல்லாம் ஒப்பிக்க வைத்திருக்கிறாள். கோர்ட்டுப் படியேறும்போதுதான் என்னிடம் அதைச் சொன்னாள்.

"அடிப்பாவி அக்கா! சொல்லிக்கொடுத்த சாட்சின்னு கேஸையே ஊத்தி மூடிடுவாங்களே!"

"அவ பயத்துல மறந்துட்டா என்னடி பண்றது?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்து மேற்கொண்டு திட்ட மனசு வரவில்லை.

குழந்தை தன் பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நாளாக அவள் டம்ளரில் தண்ணீர் குடிப்பதில்லை. "மகாராணிக்கு டம்ளர் ஆகாதோ?" என்று நான் கிண்டல் செய்வேன். வாசலில் இருந்த காவலர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்.

அக்காவும் சாட்சி என்பதால் அவளை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். குழந்தைக்குத் துணையாக நான் போனேன். வாயே திறக்கக் கூடாது என்று நீதிபதி அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் வாய்க்குப் பூட்டுப் போட்ட முதல் ஆள் அவர்தான்.

சின்ன அறை. மேஜைமேல் காது பிய்ந்த ஒரு கரடிப் பொம்மை. மூலையில் டிவி, அதில் பக்கத்து அறையில் உட்கார்ந்து இங்கே பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மேல்வீட்டுக்காரனின் முகம். இஸ்திரி போட்ட சட்டை, வரிசையான பல். லிஃப்ட் கதவை எல்லோருக்கும் பிடித்துக்கொண்டு நிற்கும் நல்லவன். ஜாமீனில் வந்ததிலிருந்து மறுபடியும் எங்கள் தலைக்கு மேலேதான் நடமாடுகிறான். மாடியில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டால் குழந்தை சாப்பிடுவதை நிறுத்திவிடுவாள். இன்று இவனை விட்டுவிட்டால் அந்தச் சத்தம் நாளைக்கும் கேட்கும்.

அவன் சொல்வது ஒன்றுதான். குழந்தை அவன் வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லையாம். வேறு யாரையோ நினைத்துக்கொண்டு அவனைக் காட்டுகிறாளாம்.

அவனுடைய வக்கீல் தேனொழுகப் பேசினார். "பாப்பா, இந்த மாமா போட்டோவ யாராவது உனக்குக் காட்டினாங்களா?"

"அம்மா காட்டினாங்க."

"எப்பெல்லாம்?"

"தினமும்."

"என்ன சொல்லச் சொன்னாங்க?"

"இவருதான்னு."

வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "வேற கேள்வி இல்லைங்கம்மா."

குழந்தையின் உதடு காய்ந்திருப்பதை நீதிபதி கவனித்திருக்க வேண்டும். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடி டம்ளரில் வந்தது. அதைப் பார்த்ததும் குழந்தை இரண்டு காலையும் நாற்காலிமேல் இழுத்துக்கொண்டாள்.

"ஏம்மா, தண்ணி வேணாமா?"

"அதுல பல்லு இருக்கும்."

"யாரோட பல்லு?"

"மேல்வீட்டு மாமாவோடது. உள் ரூம்ல, முன்பல்லு மூணையும் கழட்டி டம்ளர்ல போடுவாரு. யார்கிட்டயாவது சொன்னா அது வந்து கடிக்கும்னு சொன்னாரு."

நீதிபதி குரலைத் தாழ்த்தினார். "இத அம்மா சொல்லிக்கொடுத்தாங்களா?"

"அம்மாக்குத் தெரியாதே. போட்டோல பல்லு வாயிலதான இருக்கு."

எனக்கும் தெரியாது. எங்கள் அடுக்குமாடியில் ஒருவருக்கும் தெரியாது. வக்கீலுக்கே தெரியாது என்பது அவர் டிவியைத் திரும்பிப் பார்த்த விதத்தில் தெரிந்தது. டிவியில் அவன் உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். மெல்லக் கை வந்து வாயை மூடியது.

"பல் டாக்டர் ஒருத்தர வரவழைங்க. அதுவரைக்கும் அவர் அந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்கக் கூடாது" என்றார் நீதிபதி.

எனக்குக் கத்த வேண்டும்போல் சந்தோஷம். அக்காவிடம் ஓட வேண்டும்போல் இருந்தது. அதற்குள் குழந்தை என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் விரல் சில்லென்றிருந்தது. கண் டிவியை விட்டு நகரவில்லை.

"சித்தி, நான் சொல்லிட்டேனே. அது இப்ப அவரு வாயிலதான இருக்கு?"

வாய் திறக்கக் கூடாதென்ற உத்தரவாவது ஒன்றாவது. "வாயிலதான்டா கண்ணு" என்றேன்.

அவள் நம்பவில்லை. அவன் இன்னும் கையை எடுக்கவில்லை.