ஒரு தப்பும் இல்லாத மூன்று வரி

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது என் வேலை. மெஷின் போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் பேசினாலும் கேட்காது. வீட்டுக்கு வந்தால் ஈ காக்கா கிடையாது. மகள் கல்யாணமாகி விமானத்தில் போகிற தூரத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். "சாப்ட்டியாம்மா?" "சாப்ட்டேன்." அத்தோடு சரி.

மேற்பார்வை வேலை வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதத் தெரிய வேண்டும் என்று ஆபீஸில் சொன்னார்கள். அதற்காகத்தான் போனில் அந்தக் குரூப்பில் சேர்ந்தேன். மொத்தம் எட்டுப் பேர். வாத்தியார் என்று யாரும் கிடையாது, எல்லோரும் அரைகுறை. ஆரம்பித்தவர் ஒரு பஸ் டிரைவர். சாயங்காலம் ஆனால் அன்றைக்கு நடந்ததை ஆளுக்கு மூன்று வரி எழுத வேண்டும். தப்பிருந்தால் மற்றவர்கள் திருத்துவார்கள். சரியாக இருந்தால் ஒரு டிக். வெட்டிப் பேச்சு கூடாது என்பது டிரைவர் போட்ட சட்டம். மனுஷன் குரூப்பையும் பஸ் மாதிரியே ஓட்டுவார்.

முதல் மாதம் நான் எழுதியதைப் பார்த்து ஆங்கிலமே அழுதிருக்கும். நேற்று நடந்ததை நாளைக்கு நடக்கப்போவது போல் எழுதுவேன். ஏழு பேரும் விழுந்தடித்துக்கொண்டு வருவார்கள். லிப்ட் ரிப்பேர் பார்க்கும் தம்பி, "இஸ்திரி அக்கா, ஒரு ஆளுன்னா ஒரு மாதிரி, பல பேர்னா வேற மாதிரி. எத்தனை தடவை சொல்றது?" என்று கோபித்துக்கொள்வான். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் திருத்தத்தை எழுதவே மாட்டாள், பேசித்தான் அனுப்புவாள். என் வரியைச் சரியாக்கி, நிறுத்தி நிதானமாகத் தன் குரலில் ஒரு தடவை சொல்லிக் காட்டுவாள். அந்தக் குரலைப் போட்டுக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவேன்.

பிறகு எனக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. மூன்று வரி எழுதினேன். ஏழு டிக் விழுந்தது. மறுநாளும் ஏழு டிக். அக்கா என்று கூப்பிட ஓர் ஆள் இல்லை. இப்படிப்பட்ட படிப்பு யாருக்கு வேண்டும்? மூன்றாம் நாள் வேண்டுமென்றே ஒரு வரியைக் கெடுத்தேன். வந்துவிட்டார்கள் ஏழு பேரும்! அதிலிருந்து, இன்றைக்கு எந்தத் தப்பைச் செய்யலாம் என்று இஸ்திரி போடும்போதே யோசிப்பேன். ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்தால் அலுத்துவிடுவார்கள் இல்லையா? "மண்டையில ஏறவே மாட்டேங்குதேக்கா" என்பான் தம்பி. திட்டட்டும். மேற்பார்வை வேலையை நான் மறந்தே போனேன்.

போன வாரம் மகள் போன் செய்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. "இந்த வருஷமும் வர முடியாதும்மா. அவருக்கு லீவு கிடைக்கல."

"சரிம்மா" என்றேன். அவளுடைய பழைய போர்வையைத் துவைத்து, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுக் கட்டில்மேல் வைத்திருந்தேன்.

அன்று தப்பு யோசிக்க மனசு இல்லை. வந்ததை எழுதினேன். என் மகள் இந்த வருடம் வரவில்லை. அவள் போர்வையைத் துவைத்து வைத்திருந்தேன். இதைச் சொல்ல எனக்கு யாருமில்லை.

ஒரு டிக். இரண்டு. ஆறு டிக் வந்துவிட்டது. கடையில் கூட்டமோ என்னவோ, மருந்துக்கடைப் பெண் மட்டும் இன்னும் பார்க்கவில்லை. தம்பி கைதட்டும் படம் போட்டு, "சூப்பர்க்கா! ஒரு தப்புகூட இல்ல!" என்று எழுதியிருந்தான்.

போனைத் தூக்கி எறியலாம் போல் ஆத்திரம் வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுத்தைப் பார்க்கிறார்கள், என்ன எழுதியிருக்கிறேன் என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். பிறகு மூன்று வரியையும் அழித்துவிட்டு, அதையே திரும்ப எழுதினேன், வரிக்கு ஒரு தப்போடு.

கொஞ்ச நேரத்தில் மருந்துக்கடைப் பெண்ணின் குரல் வந்தது. பின்னால் ஷட்டர் இறக்கும் சத்தம். "என்னக்கா இது, மூணு வரியும் தப்பு? நான் சொல்றேன், கேட்டுக்கோங்க" என்று ஆரம்பித்தாள். முதல் வரியைச் சரியாக்கி, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். இரண்டாவதைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். மூன்றாவது வரி பாதியில் நின்றுவிட்டது. போனில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன, அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"அக்கா," என்றாள் கடைசியில், "பொண்ணு வரலையா?"